மந்தாரை பூக்கும் காங்ரா... தைராய்டுக்கு மரப்பட்டையா, மாத்திரையா?

மார்ச் மாதக் காலை. பதான்கோட்டைத் தாண்டி வேன் மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும், இடதுபக்க ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனைத் தூக்கினார்கள். வெள்ளை வேட்டியை உலர்த்தப் போட்டதுபோல் வானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பனிமலை. தௌலாதார் மலைத்தொடர். அதன் காலடியில் கோதுமை வயல்களும் தேயிலைத் தோட்டங்களுமாக விரிந்து கிடக்கிறது இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு.

திருச்சியிலிருந்து கிளம்பிய 18 பேர் கொண்ட யாத்திரைக் குழு அது. ஜ்வாலாமுகி, காங்ரா வஜ்ரேஸ்வரி, சாமுண்டா தேவி, கடைசியாக பைஜ்நாத் என்பது திட்டம். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 164 கிலோமீட்டருக்குக் குட்டி ரயில் பாதை ஒன்று 1929 முதல் இருக்கிறது. அதில் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சக்கி ஆற்றின் ரயில் பாலம் இடிந்து விழுந்த கதையைச் சொல்லி, டூர் மேனேஜர் ஆரம்பத்திலேயே வேன் பேசிவிட்டார்.

பனிமலையைப் பார்க்காமல் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். கரூரைச் சேர்ந்தவர், வயது 54, வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கரூர் அம்மா என்றே வைத்துக்கொள்வோம். அவர் கண் போனது மரங்களின் மேல். இலை அவ்வளவாக இல்லாமல், கிளை முழுக்க வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நின்றன.

"நம்மூரு மந்தாரை மாதிரியே இருக்கே!"

"கச்னார்" என்றார் டிரைவர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு மாதமாக அவர் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த கஷாயத்தின் பாக்கெட்டில் இருந்த பெயரும் அதுதான்.

மாட்டுக் குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை, ஐந்து இதழ்ப் பூ. சமஸ்கிருதத்தில் காஞ்சனாரம், இந்தியில் கச்னார், தமிழில் மந்தாரை. சோழர்கள் சூடிய ஆத்திப் பூவும் இதே குடும்பம்தான். காங்ரா வீடுகளில் இந்த மரம் முதலில் சமையலறைக்கு உரியது. மொட்டு விரியும் முன் பறித்து, வேகவைத்துப் பிழிந்து, வெங்காயத்தோடு வதக்கியோ தயிரில் கலந்தோ சாப்பிடுகிறார்கள். ஊறுகாயும் உண்டு. சந்தையில் குவித்து வைத்திருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ புது வகைக் காய் என்றுதான் தோன்றும். லேசான கசப்பு. பாகற்காய் பழகிய நாக்குக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மரத்தின் பட்டைதான் மருந்து. ஆயுர்வேதத்தின் பழைய நூல்களில் ஒன்றான சார்ங்கதர சம்ஹிதையில் காஞ்சனார குக்குலு என்ற மருந்து வருகிறது. மந்தாரைப் பட்டையோடு கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், சுக்கு, மிளகு, திப்பிலி, மாவிலங்கப் பட்டை, ஏலம், லவங்கப்பட்டை எல்லாம் சேர்த்து, குங்கிலியம் போன்ற குக்குலுப் பிசினில் பிடிக்கும் உருண்டை. கண்டமாலை, கழலை போன்ற வீக்கங்களுக்குச் சொல்லப்பட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த வைத்தியர்கள் கண்ணால் பார்த்தது கழுத்து வீக்கத்தை. ரத்தத்தில் எந்த ஹார்மோன் எவ்வளவு என்று பார்க்க அன்று யாருக்கும் வழியில்லை.

கழுத்து வீங்கிய பள்ளத்தாக்கு

யாத்திரை வருகிறவர்களுக்குக் காங்ரா என்றால் கோயில், கோட்டை, தேயிலை. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குக் காங்ரா என்றால் உப்பு.

இமயமலையின் தெற்குச் சரிவு முழுக்க முன்கழுத்துக் கழலை ஒரு காலத்தில் சர்வசாதாரணம். காரணம் மண். பனியாறுகளும் பனி உருகிய வெள்ளமும் மழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலைமண்ணிலிருந்த அயோடினை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. மண்ணில் இல்லாதது கோதுமையில் இல்லை, கீரையில் இல்லை, பாலிலும் இல்லை. ஒரு மனிதருக்கு நாள் ஒன்றுக்குத் தேவைப்படும் அயோடின் 150 மைக்ரோகிராம்தான். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் அளவுக்குத்தான் வரும். அந்த ஒரு டீஸ்பூன் கிடைக்காததால், ஹார்மோன் தயாரிக்கக் கச்சாப்பொருள் தேடித் தேடியே தைராய்டு சுரப்பி பெருத்துப் போனது. கழுத்து வீங்கியவர்களாவது நடமாடினார்கள். தாயின் வயிற்றிலேயே அயோடின் கிடைக்காத குழந்தைகள் சிலர் காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள்.

இதற்கு என்ன காரணம் என்று தேடியவர்களில் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவரும் ஒருவர். 1900-களின் தொடக்கத்தில் கில்கித்தில் வேலை பார்த்தபோது, தண்ணீரில் இருக்கும் அசுத்தம்தான் காரணம் என்று நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட காரணம் முழுக்கச் சரியில்லை. பிறகு அதே மெக்காரிசன் நம் குன்னூருக்கு வந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்தார்.

அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பின்னாளில் பணியாற்றியவர் வி.ராமலிங்கசுவாமி. பெயரைக் கேட்டால் நம்மூர்க்காரர் போல இருக்கும், ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். எய்ம்ஸ் மருத்துவமனையின் இயக்குநராகவும் இருந்தார். 1956-ல் அவரும் சக மருத்துவர்களும் காங்ராவுக்கு வந்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்கு பொட்டாசியம் அயோடைடு, இன்னொன்றுக்கு பொட்டாசியம் அயோடேட். நடுவில் இருந்த பகுதிக்குச் சாதா உப்பு. ஆரம்பத்தில் மூன்று இடத்திலும் நூற்றுக்கு சுமார் 38 பேருக்குக் கழுத்து வீக்கம். ஆறு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது, அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதிகளிலும் அது பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறங்கியிருந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே இருந்தது. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது, அங்கேயும் வீக்கம் குறைந்தது.

1962-ல் தேசிய அளவில் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று கரூர் மளிகைக் கடையில் வாங்கும் உப்பு பாக்கெட்டின் மேல் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதல்லவா, அதன் வேர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கல்வெட்டோ போர்டோ எந்த யாத்திரை வேனின் கண்ணிலும் படுவதில்லை. 1905 பூகம்பத்தில் கோயில் இடிந்த கதையை எல்லா கைடுகளும் சொல்கிறார்கள். உப்புக் கதையைச் சொல்ல ஆளில்லை.

வைத்தியநாதன் சந்நிதி

மூன்றாம் நாள் பைஜ்நாத். 1204-ல் இரண்டு வணிகச் சகோதரர்கள் கட்டிய சிவன் கோயில். பைஜ்நாத் என்பது வைத்தியநாதன். நம்ம வைத்தீஸ்வரன் கோயில் சாமியேதான் என்று டூர் மேனேஜர் சொன்னதும், குழுவில் பாதிப் பேர் திருச்சாந்துருண்டை கிடைக்குமா என்று விசாரித்தார்கள். கல்லில் இழைத்த கோபுரத்துக்குப் பின்னால் பனிமலை, கீழே சலசலவென்று ஆறு. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கரூர் அம்மாவால் படி ஏற முடியவில்லை. நாலு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் ஒரு ஸ்வெட்டரோடு நிற்க, அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வையும் போர்த்தியிருந்தார். கூட வந்திருந்த நாத்தனார்தான் முதலில் கவனித்தார்.

"அண்ணி, உங்க முகம் ஏன் உப்பின மாதிரி இருக்கு? குரலும் கட்டிக்கிட்டிருக்கு. மாத்திரை போடுறீங்கல்ல?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் போட்டுவந்த 100 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரையை அவர் நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. தெரிந்தவர் ஒருவர் கஷாயப் பொடி கொடுத்து, ஒரு மண்டலம் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நிறுத்திய முதல் மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. இந்த யாத்திரையில் கச்னார் பட்டையை அதன் சொந்த ஊரிலேயே அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அவருடைய ரகசியத் திட்டம்.

பைஜ்நாத்தை ஒட்டியே இருக்கிறது பப்ரோலா. அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர், அதனால் வைத்தியர்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் குறைவில்லை. அன்று மாலை நாத்தனாரும் டூர் மேனேஜரும் அவரை அங்கே ஓர் ஆயுர்வேத மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். பட்டை கேட்கத்தான் கரூர் அம்மா சம்மதித்தார். மருத்துவர் நாடி பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்கையை மடக்கிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்பதுதான்.

டூர் மேனேஜர் மொழிபெயர்க்க, அவர் விளக்கியது இது. தைராக்ஸின் உடம்பில் மெதுவாகத்தான் குறையும். இருப்பில் பாதி குறையவே ஒரு வாரம் போல ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்திய முதல் சில வாரங்களுக்கு உடம்பு பழைய இருப்பை வைத்தே ஓட்டும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டார் ரிப்பேரானது வீட்டில் யாருக்கும் தெரியாதல்லவா, அதுபோல. அந்த மூன்று வாரத்தில்தான் கஷாயத்துக்கு நல்ல பெயர் கிடைக்கிறது. தொட்டி காலியான பிறகு அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், முக வீக்கம், கட்டிய குரல் எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. அதையும் ஆள் வயதுக் கணக்கில் எழுதிவிடுகிறார்.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்துக் காங்ராவின் கழுத்து வீக்கம் வேறு, கரூர் அம்மாவுடைய தைராய்டு வேறு. முன்னது அயோடின் பஞ்சம். அயோடின் உப்பு வந்த பிறகு இன்று அதிகம் பார்ப்பது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கி அழிக்கும் ஹாஷிமோட்டோ வகை. 1912-ல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. சுரப்பி பழுதான பிறகு அது செய்யவேண்டிய ஹார்மோனை வெளியிலிருந்துதான் கொடுக்க முடியும். காஞ்சனார குக்குலுவை அவரே சிலருக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக எழுதுவதில்லை.

அது நேர்மையான பேச்சு. மந்தாரையும் குக்குலுவும் தைராய்டைத் தூண்டுவதாக எலிகளில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அமுக்கரா கிழங்கை வைத்து, தைராய்டு குறைபாடு ஆரம்ப நிலையில் இருந்த 50 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. பலன் தெரிந்தது என்றார்கள். அதே அமுக்கராவைச் சாப்பிட்டு, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து படபடப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்புகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. செடி என்றால் பக்கவிளைவு கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பிவிட முடியாது. பழுதான சுரப்பிக்கு மாத்திரையின் இடத்தில் நிற்கும் என்று நிரூபணமான மூலிகை எதுவும் இதுவரை இல்லை.

மறுநாள் பாலம்பூரில் ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச் சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்கவேண்டியது, 46 என்று வந்தது. தைராய்டு சுரப்பியைப் பார்த்து "வேலை செய், வேலை செய்" என்று மூளைக்குக் கீழிருக்கும் பிட்யூட்டரி போடும் சத்தம்தான் டி.எஸ்.எச். சத்தம் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. பார்த்த மருத்துவர் நெஞ்சுவலி உண்டா என்று கேட்டு, ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்து, இதயம் சரியாக இருந்ததால் பழைய அளவிலேயே மாத்திரையை எழுதினார். குளிர் காலத்தில், இன்னும் சில மாதம் இப்படியே போயிருந்தால் நினைவு தப்பும் நிலைக்குக்கூடப் போகலாம் என்று சொன்னபோது நாத்தனாருக்குத்தான் கண் கலங்கியது.

மாத்திரையை எப்படிப் போடவேண்டும் என்பதையும் அவர் திரும்பச் சொன்னார். ஒன்பது வருடமாகப் போடுகிறவருக்குப் பாதி புதுசாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. முட்டைக்கோஸ், காலிஃபிளவரை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை, வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். கரூர் அம்மா இத்தனை நாள் மாத்திரையை முழுங்கிய கையோடு ஃபில்டர் காபி குடித்துவந்தவர். தையல் கடையை ஆறு மணிக்குத் திறக்கவேண்டுமே!

எல்லாத் தைராய்டுக்கும் இதே மாத்திரை என்றும் இல்லை. அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அதைக் குறைக்கும் மருந்து, கதிரியக்க அயோடின், சிலருக்கு அறுவை சிகிச்சை. கழுத்தில் கட்டி என்றால் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசியால் எடுத்துப் பார்க்கும் சோதனையும். "எனக்குத் தைராய்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொள்வதால்தான், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று தோன்றிவிடுகிறது.

மாத்திரை என்ற இந்தச் சங்கதியே சும்மா வந்ததில்லை. 1891-ல் ஜார்ஜ் மர்ரே என்ற இங்கிலாந்து மருத்துவர், தைராய்டு முற்றிலும் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டல் அமெரிக்காவில் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். அயோடினுக்கும் ஒரு பச்சிலைக் கதை உண்டு. கழுத்து வீக்கத்துக்குக் கடற்பாசி கொடுக்கும் வழக்கம் சீனாவில் மிகப் பழையது. 1811-ல் பிரான்சில் பெர்னார்ட் குர்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான். அந்தப் பாசி வைத்தியத்துக்குள் இருந்த சரக்கு எது என்று தெரிந்த பிறகுதான், அதை உப்பில் போட்டு மலைமேல் அனுப்ப முடிந்தது.

திரும்பும் வழியில்

கடைசி நாள் பைஜ்நாத் கடைத்தெரு. காங்ரா தேயிலை, சால்வை, அக்ரோட்டு. ஒரு கடையில் இளஞ்சிவப்புக் கல் உப்பு மூட்டையாக இருந்தது. பக்கத்து மண்டி மாவட்டத்தில் திராங், கும்மா என்று உப்புச் சுரங்கங்களே இருக்கின்றன. நம்மூரில் இந்துப்பு என்று விலை வைத்து விற்பதும் பாறை உப்பு வகைதான். குழுவில் நாலைந்து பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அயோடின் சேர்க்காத உப்பைத்தான் இந்தப் பள்ளத்தாக்கு தின்று கழுத்து வீங்கியது என்பதை நினைத்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ரசத்துக்கு ஒரு சிட்டிகை ருசிக்காகப் போடுவதில் தப்பில்லை. வீட்டு உப்பையே அடியோடு அதற்கு மாற்றும் குடும்பத்தில் கர்ப்பிணி இருந்தால்தான் சிக்கல். கர்ப்ப காலத்தில் அயோடின் தேவை 250 மைக்ரோகிராமாகக் கூடுகிறது. முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது.

கரூர் அம்மா கச்னார் மொட்டு கால் கிலோ வாங்கினார், பட்டை வாங்கவில்லை. தங்கியிருந்த சத்திரத்துச் சமையல்காரரிடம் கொடுத்துப் பொரியல் செய்யச் சொன்னார். தேங்காய் இல்லாததுதான் குறை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே சட்டியைக் காலி செய்தார்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தனியாகப் போய் பெங்களூருவில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார். மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் தைராய்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன் அவளுக்கும் ஒரு பாக்கெட் கஷாயப் பொடி கூரியரில் போயிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடி என்று தினம் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தவரும் இவர்தான்.

"பாப்பா, நான் அனுப்புன பொடியைத் தூக்கி வச்சுடு. மாத்திரையை விட்டுடாத. நாளைக்கே டாக்டரைப் போயிப் பாரு, ரத்தம் டெஸ்ட் பண்ணிக்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நான் எப்பம்மா மாத்திரையை விட்டேன்? போன வாரம்தான் டாக்டர் டோஸைக் கூட்டிருக்காங்க. நீ கோவிச்சுக்குவேன்னு சொல்லல."

கரூர் அம்மா போனை வைத்துவிட்டு, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்தார். ஆறரைக்கு டீ வரும் என்று சத்திரத்தில் சொல்லியிருந்தார்கள்.